‘டூ ஆர் டை’: பனியனில் எழுதக் கேட்டார்கள், ஐந்து வாரம் ஆனது

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர்களுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். வருகிற எல்லோருக்கும் வீட்டு மொழி ஆங்கிலம். தமிழ் என்பது ஆயா (பாட்டி) பேசியது, கோயிலில் பாடுவது, அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஓர் அண்ணா காம்ரேட்ஸ் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தார். பனியனின் முதுகில் ‘டூ ஆர் டை’ என்பதைத் தமிழில் அச்சடிக்கவேண்டும், எழுதிக்கொடுங்கள் என்றார். ஒரு வரிதானே என்று நினைத்தேன். அது ஐந்து வாரத்தைத் தின்றது. அப்போது வகுப்பில் வந்த கேள்விகளும், பிறகு சென்னையிலிருந்து என் தம்பி மகள் ஆங்கிலப் பாடத்துக்காகக் கேட்டவையும் இங்கே இருக்கின்றன.

முதலில், நேரான பொருள் என்ன?

எடுத்த காரியத்தை முடித்தே ஆகவேண்டும், முடியாவிட்டால் அதோடு தீர்ந்தோம் என்பதுதான். நடுவில் நிற்க இடமில்லை. பாதி வெற்றி, ‘பரவாயில்லை, அடுத்த முறை பார்க்கலாம்’ எதுவும் கிடையாது.

இதை ஆளைப் பற்றியும் சொல்வார்கள், வேளையைப் பற்றியும் சொல்வார்கள். ஆளைப் பற்றிச் சொன்னால் அவருடைய உறுதி: இறங்கிவிட்டார், இனித் திரும்பமாட்டார். வேளையைப் பற்றிச் சொன்னால் இந்த ஆட்டம், இந்த மாதம், இந்த நேர்முகத் தேர்வு தவறினால் கதை முடிந்தது என்று பொருள். இன்றைக்கு இரண்டாவது பொருளில்தான் அதிகம் புழங்குகிறது. அதில் வரும் சாவு பெரும்பாலும் பேச்சுக்குத்தான்.

‘செய் அல்லது செத்து மடி’ என்பது சரியான மொழிபெயர்ப்பா?

பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் படித்திருக்கிறோம். தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு.

1942 ஆகஸ்ட் 8, பம்பாய் கொவாலியா டாங்க் மைதானம். ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய இரவு. காந்தி முதலில் இந்துஸ்தானியில் பேசினார், பிறகு ஆங்கிலத்தில். உங்களுக்கு ஒரு சின்ன மந்திரம் தருகிறேன், நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அவர் தந்தது ‘கரேங்கே யா மரேங்கே’. இதன் வினைமுற்றைப் பாருங்கள். ‘செய்வோம், அல்லது சாவோம்’ என்று தன்மைப் பன்மையில் இருக்கிறது. இந்தியாவை விடுவிப்போம், இல்லையென்றால் அந்த முயற்சியில் சாவோம் என்று அவரே அதை விரித்தும் சொன்னார். சொல்கிறவரும் அந்தச் சாவுக்குள் நிற்கிறார்.

தமிழில் வந்தபோது அது ‘செய்’ என்று முன்னிலை ஒருமை ஏவலாகிவிட்டது. மேலே நிற்கும் ஒருவர் கீழே நிற்பவனைப் பார்த்து விரல் நீட்டுவது போல. ஆங்கிலத்தில் அந்த மூன்று சொல்லில் யார் செய்வது, யார் சாவது என்பதே இல்லை. அதனால் அங்கே இந்தச் சிக்கல் வரவில்லை. தமிழ் வினையோ யாரென்று சொல்லாமல் நகராது. அதனால் மொழிபெயர்த்தவர் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தது, அவர் ‘நீ’யைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அப்புறம் ‘செத்து மடி’. சாவதும் மடிவதும் ஒன்றுதானே, ஏன் இரண்டு? ஓசைக்காக. ‘செய் - செத்து’ என்று மோனை விழுகிறது. ஆங்கிலத்தில் ‘டூ - டை’ என்று முதலெழுத்து ஒத்துப்போகிறது, இந்தியில் ‘கரேங்கே - மரேங்கே’ என்று கடைசி ஒத்துப்போகிறது. மூன்று மொழியிலும் இந்தத் தொடர் ஓசையால்தான் நாக்கில் ஒட்டியது. ‘செய்வோம் அல்லது செத்து மடிவோம்’ என்று எழுதினால் பொருளும் சரியாகும், மோனையும் கெடாது. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். நான் வகுப்பில் அதைத்தான் எழுதிப்போடுகிறேன்.

அப்படியானால் காந்தி உருவாக்கிய தொடரா?

இல்லை. ஆங்கிலத்தில் அது அதற்கு முன்பே பழைய சரக்கு. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1793-இல் எழுதிய ஒரு பாட்டு அதைப் பரப்பியது. 1314-இல் பானக்பர்ன் போருக்கு முன் ராபர்ட் புரூஸ் தன் வீரர்களிடம் பேசுவதாக அமைந்த பாட்டு. கடைசி வரி இந்தத் தொடரோடுதான் முடிகிறது. அங்கேயும் ‘நாம் செய்வோம், அல்லது சாவோம்’ என்றுதான் இருக்கிறது. மன்னன் தன்னையும் சேர்த்தே சொல்கிறான்.

‘டூ அண்ட் டை’ என்றும் பார்த்திருக்கிறேனே?

அது டென்னிசன். 1854-இல் பாலக்லாவா போரில் தவறான கட்டளை ஒன்றை நம்பி, பீரங்கிகளுக்கு நேரே பாய்ந்த குதிரைப்படையைப் பற்றிய கவிதையில் வருகிறது. ஏன் என்று கேட்பது அவர்கள் வேலையல்ல, செய்வதும் சாவதுமே அவர்கள் வேலை என்கிறார். ‘அல்லது’ போய் ‘உம்’ வந்துவிட்டது. ‘அல்லது’ இருக்கும்போது பிழைக்க வழி உண்டு, ‘உம்’ வந்தால் அதுவும் இல்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இரண்டையும் குழப்புகிறார்கள்.

காந்தி இங்கே இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். இந்த முழக்கம் தென்னாப்பிரிக்காவில் பிறந்ததா?

இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். கேட்கிறவர் முகத்தில் ‘ஆமாம் என்று சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கும். அவர் இங்கே இருந்தது 1893 முதல் 1914 வரை, முழக்கம் வந்தது 1942-இல். ஆகவே இல்லை.

ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களை அவர் இங்கேதான் பார்த்தார். ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள், டர்பன் இருக்கும் நேட்டாலில் தங்கவேண்டுமென்றால் ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி. கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச்சில் ஒரு தீர்ப்பு. இரண்டும் சேர்ந்து அந்த ஆண்டு பெண்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நவம்பர் 6-ஆம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் அனுமதியில்லாமல் பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையை நோக்கி நடந்தார்கள். அவர்களில் தமிழர்கள் நிறையப் பேர்.

தில்லையாடி வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அவளுடைய அம்மாவின் ஊர். மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. படுக்கையில் கிடந்தவளிடம், ஜெயிலுக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டிருக்கிறார். மறுபடி பிடித்தால் இப்போதே போகத் தயார் என்றாள். செத்துப்போனால் என்று கேட்டதற்கும் கவலையில்லை என்றாள். இதை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த மூன்று பவுன் வரி அதே 1914-இல் ரத்தானது.

அவளுக்கு முன்னே, 1909-இல், நாகப்பன் என்ற இளைஞன் சிறையிலிருந்து நுரையீரல் காய்ச்சலோடு வெளியே வந்து இறந்திருந்தான். இருவருக்கும் ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்ன் கல்லறையில் நினைவுக்கல் இருக்கிறது. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் அவற்றைத் திறந்துவைத்தவர் காந்திதான்.

1913-இல் கஸ்தூர்பாவும் அதே மாரிட்ஸ்பர்க் சிறையில் இருந்தவர். 1942-இல் அந்த மந்திரம் சொன்ன மறுநாள் விடியற்காலையிலேயே காந்தியைப் பிடித்துப் புனே ஆகா கான் மாளிகையில் அடைத்தார்கள், கஸ்தூர்பாவையும் அங்கேயே வைத்தார்கள். அவர் அங்கே காவலிலேயே இறந்தார், 1944 பிப்ரவரி 22 அன்று. வள்ளியம்மை இறந்த அதே தேதி. இதை முதன்முதலில் கவனித்த நாளில் நான் வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டேன்.

கிரிக்கெட்டில் எதற்கெடுத்தாலும் ‘டூ ஆர் டை மேட்ச்’ என்கிறார்களே?

தோற்றால் தொடரைவிட்டு வெளியே என்றால் அந்தப் பெயர் பொருந்தும். தமிழ்ப் பத்திரிகைகள் ‘வாழ்வா சாவா ஆட்டம்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்கும். அது மொழிபெயர்ப்பு போலவே தெரியாது. இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே அப்படிக் கத்துவது டிவிக்காரர்களின் பழக்கம்.

அசல் வாழ்வா சாவா ஆட்டம் பார்க்கவேண்டுமென்றால் எங்கள் ஊர் கிங்ஸ்மீடில் 2003 மார்ச் 3 அன்று நடந்தது. உலகக் கோப்பை, இலங்கைக்கு எதிராக. தென்னாப்பிரிக்கா ஜெயித்தால் அடுத்த சுற்று, இல்லையென்றால் சொந்த மண்ணிலேயே வெளியே. இலங்கை 268 எடுத்தது. நாங்கள் துரத்தும்போது மழை. மழை குறுக்கிட்டால் போடும் டக்வொர்த் லூயிஸ் கணக்குப்படி 45 ஓவர் முடிவில் 229 இருந்தால் சமன், 230 இருந்தால் வெற்றி. ஆனால் மைதானத்துக்குள் போன செய்தி, 229 போதும் என்று. பௌச்சர் முரளிதரன் பந்தில் சிக்ஸர் அடித்து 229-க்குக் கொண்டுவந்தார். ஓவரின் கடைசிப் பந்தைப் பத்திரமாகத் தடுத்து நிறுத்திவிட்டார். மழை வலுத்தது, ஆட்டம் அதோடு முடிந்தது. சமன். வெளியே.

ஒரு ஓட்டம் எடுத்திருந்தால் போதும். செய்யவேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே செத்த ஆட்டம் அது. பந்து போட்டவர் தமிழர் என்பதால் என் மாமா ஒருவர் அன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வாக்கியத்தில் எப்படி எழுதுவது?

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் மூன்று சொல்லுக்கும் இடையில் சிறுகோடு போட்டு ஒரே சொல்லாக்கவேண்டும். தனியாக வந்தால் கோடு வேண்டாம். வேற்றுமை, காலம், ஒருமை, பன்மை எதற்கும் அது மாறாது. ‘அவன் டஸ் ஆர் டைஸ்’ என்று யாரும் எழுதுவதில்லை. என் தம்பி மகள் இறந்தகாலத்தில் ‘டிட் ஆர் டைட்’ என்று எழுதியிருந்தாள். செத்தபிறகு எழுதியது யார் என்று கேட்டேன்.

அலுவலக மின்னஞ்சலில் போடலாமா?

வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் மேலாளர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ‘இது டூ ஆர் டை மாதம்’ என்று எழுதுவார். ஆறாவது மாதம் யாரும் அந்தக் கடிதத்தைத் திறக்கவே இல்லை. சாவு என்ற சொல்லுக்கு ஒரு தடவைதான் எடை. ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் ஒப்பந்தம் கைநழுவும்’ என்று எழுதினால் ஆள் எழுந்து வேலை பார்ப்பான்.

இதே போல வேறு ஆங்கிலத் தொடர்கள்? எல்லாம் ஒன்றுதானா?

‘மேக் ஆர் பிரேக்’ நெருங்கிய சொந்தம். ஆனால் அங்கே பேச்சு ஆளைப் பற்றியதல்ல, ஒரு நிகழ்வைப் பற்றியது: அது ஆளை ஆக்கவும் செய்யும், அழிக்கவும் செய்யும். ‘சிங்க் ஆர் ஸ்விம்’ என்றால் உதவிக்கு ஒருவரும் இல்லாமல் தள்ளிவிடப்பட்ட நிலை. நாம் ‘கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல’ என்போம். ‘கோ ஃபார் புரோக்’ ஹவாய்த் தீவுச் சூதாட்டப் பேச்சு: கையில் இருப்பதையெல்லாம் ஒரே உருட்டில் வைப்பது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அமெரிக்கர்களின் 442-ஆம் படைப்பிரிவு இதைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. ‘பை ஹுக் ஆர் பை குரூக்’ என்பதில் கொஞ்சம் திருட்டு வாசனை உண்டு, நேர்வழியோ குறுக்குவழியோ எப்படியாவது என்று பொருள். காந்தி பேச்சோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள்.

‘கம் ஹெல் ஆர் ஹை வாட்டர்’ என்பது நம் ‘வானமே இடிந்து விழுந்தாலும்’. அதிலே வரும் ‘ஹை வாட்டர்’ வெள்ளம். 2022 ஏப்ரலில் இந்தப் பக்கம் வந்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிறகு அந்தத் தொடரை இங்கே நான் விளையாட்டாகச் சொல்வதில்லை.

திரும்பி வரமுடியாத அடியை எடுத்துவைப்பதற்கு ‘ரூபிக்கானைக் கடப்பது’ என்பார்கள். கிமு 49-இல் சீசர் படையோடு கடந்த சிற்றாறு. 1985 ஆகஸ்ட் 15 அன்று, அப்போதைய ஜனாதிபதி பி.டபிள்யூ. போத்தா எங்கள் டர்பன் சிட்டி ஹாலில் நின்று, ரூபிக்கானைக் கடக்கிறோம் என்றார். நிறவெறிச் சட்டங்களில் பெரிய மாற்றம் அறிவிப்பார் என்று உலகமே காத்திருந்தது. அவர் அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. எங்கள் நாணயமான ராண்டின் மதிப்புதான் சரிந்தது. ஆற்றைக் கடக்காமலே ஈரமான மனிதர் என்று எங்கள் வகுப்பில் ஒரு பெரியம்மா சொன்னார்.

இந்த நாட்டுக்கே உரிய சொல் ஏதாவது உண்டா?

உண்டு, ஆப்பிரிக்கான்ஸில் இரண்டு. டச்சு வழி வந்த வெள்ளையரான போயர்கள் 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாரோடு நடத்திய போரில், தோல்வி உறுதியான பிறகும் ஆயுதத்தைக் கீழே போடாதவர்களுக்கு ‘பிட்டர்எய்ண்டர்’ என்று பெயர். கையைத் தூக்கிச் சரணடைந்தவர்களை ‘ஹென்ஸ்ஓப்பர்’ என்று ஏசினார்கள், ‘கை தூக்கி’ என்பதுபோல. ஆங்கிலத்திலும் ‘பிட்டர் எண்ட்’ உண்டு. கசப்பான முடிவு என்று தோன்றும். ஆனால் கப்பலில் நங்கூரக் கயிற்றின் உள்முனையைக் கட்டும் கட்டைகளுக்கு ‘பிட்ஸ்’ என்று பெயர், கயிறு அதுவரை ஓடிவிட்டால் மேலே விட ஒன்றும் மிச்சமில்லை, அதிலிருந்துதான் வந்தது என்று விளக்குவார்கள்.

எனக்குப் பிடித்தது மற்றது: ‘ஃபாஸ்பைட்’. இறுகக் கடி என்று நேர்ப்பொருள். வெள்ளையர், கறுப்பர், நம்மவர் எல்லோரும் சொல்வார்கள். தமிழில் நாம் ‘பல்லைக் கடித்துக்கொண்டு இரு’ என்போமே, அதேதான். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள், வலியைத் தாங்க அதே தாடையைத்தான் பிடித்திருக்கின்றன. இதில் சாவு இல்லை, தாங்குவது மட்டும்தான்.

மொழிபெயர்க்காமல், தமிழிலேயே பிறந்த சொல் எது?

‘இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன்’ என்பதுதான் வீட்டுப் பேச்சில் மிக அருகில் வருவது. ‘ஒரு கை பார்ப்பது’ கொஞ்சம் சண்டைக்காரத்தனம். ‘ஆனது ஆகட்டும்’ துணிவுதான், ஆனால் முடிவை விதியிடம் விட்டுவிடுகிறது. ‘மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர்’ என்பதை இதற்கு இணையாகச் சிலர் சொல்கிறார்கள். அது நேர் எதிர். அங்கே போவதற்கு ஒன்றுமே இல்லை, இங்கே போவது உயிர். ‘ஆனால் அந்த மடம், ஆகாவிட்டால் சந்தை மடம்’ அதைவிடத் தூரம். எங்கள் ஆயாவுக்குப் பிடித்த பழமொழி அதுதான், அவர் எதற்கும் பதறியதில்லை.

பழந்தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: வஞ்சினம். ‘இதைச் செய்யாவிட்டால் எனக்கு இது நேரட்டும்’ என்று பலர் அறியச் சொல்வது. புறநானூற்றின் 72-ஆம் பாட்டு பாண்டியன் நெடுஞ்செழியன் தானே பாடியது. சிறுவன் என்று தன்னை இகழ்ந்து படையெடுத்த வேந்தர்களை வெல்லாவிட்டால், என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும், கேட்டு வருபவர்க்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும் என்கிறான். ‘செத்துப்போகிறேன்’ என்று சொல்லவே இல்லை. சாவைவிடப் பெரிய இழப்பைப் பந்தயம் வைக்கிறான். அதுவும் தன்னுடையதை. அடுத்தவனைப் பார்த்துச் சொன்னால் அது வஞ்சினம் ஆகாது.

மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா?

கூடாது. தேறாவிட்டால் மறுபடி எழுதலாம். அப்புறம் இதில் ‘டை’ எங்கே வந்தது?

சரி, பனியனில் கடைசியில் என்ன எழுதினீர்கள்?

காம்ரேட்ஸ் என்பது டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1921-இலிருந்து ஓடுகிறார்கள், பெரும்பாலும் ஒரு வருடம் மேல்நோக்கி, மறு வருடம் கீழ்நோக்கி. 12 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். நேரம் முடியும் நொடியில், முடிவுக் கோட்டில் ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்று துப்பாக்கியால் சுடுவார். முகத்தைப் பார்த்தால் கை வராது என்றுதான் முதுகு என்பார்கள். ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் இல்லை. முழுதும் அல்லது ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ‘செத்து மடி’ என்று எழுதிக்கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பனியனைப் பின்னால் ஓடிவருகிறவர்தான் வாசிப்பார். வழியில் வரும் பாலி ஷார்ட்ஸ் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற ஒரு தமிழருக்கு முன்னால் ‘செத்து மடி’ என்று ஒரு முதுகு போனால் எப்படி இருக்கும்? ‘பல்லைக் கடி’ என்று ஒன்று சொன்னேன், பல் டாக்டர் விளம்பரம் போல இருக்கிறது என்று அண்ணாவின் மனைவி ஒதுக்கிவிட்டார். ஐந்தாவது வாரம் ‘விடமாட்டேன்’ என்று எழுதிக்கொடுத்தேன். தன்மை ஒருமை, எதிர்மறை, ஒரே சொல்.

அந்த வருடம் மேல்நோக்கி ஓட்டம். துப்பாக்கி வெடிக்க நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்தார். மலிவான அச்சு, வியர்வையில் ‘மா’ முழுக்க உரிந்து போய், முதுகில் ‘விடட்டேன்’ என்று நின்றது.